சொந்த டிராக்டரா, வாடகை டிராக்டரா?

குனோங் ஜெராய் மலைக்கு வடக்கே, யான் தொடங்கி அலோர் ஸ்டாருக்கு அப்பாலும் பரந்து கிடப்பது முடா சமவெளி. மலைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் பீடோங், சுங்கைப் பட்டாணி, கோலக்கெட்டில், பாலிங் என்று பால்மரக் காடுகளும் செம்பனைத் தோட்டங்களும் மேடும் பள்ளமுமாகத் தொடர்கின்றன. வடக்கே நெல், தெற்கே ரப்பர். இவ்விரு பகுதி மக்களும் டிராக்டரை அறிந்தவர்களே எனினும், அதனை அறிந்த விதம் வேறு. தோட்டத்துத் தொழிலாளிக்கு டிராக்டர் என்பது நிருவாகத்தின் சொத்து. பால் ஏற்றவும், உரம் கொண்டுபோகவும், காலையில் ஆட்களை வேலைக்காட்டில் இறக்கவும் அது வந்து போகும். நெல் விவசாயிக்கோ அது பருவத்திற்கு இரண்டொரு நாள் கூலிக்கு வந்து, தம் நிலத்தை உழுதுவிட்டுப் போகும் விருந்தாளி.

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு மூன்று ஏக்கரோ ஐந்து ஏக்கரோ நிலம் வாங்கியுள்ள அன்பர்கள் பலர் இன்று நம்மிடையே உள்ளனர். பெற்றோர் விட்டுச்சென்ற சிறு தோட்டத்தை வைத்திருப்போரும் உள்ளனர். இவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, சிறிய டிராக்டர் ஒன்று வாங்கிவிடலாமா என்பது. புல்வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. ஆகவே இயந்திரம் வேண்டும் என்பது அவர்கள் கூறும் காரணம். காரணம் சரியானதே. ஆனால் இயந்திரம் வேண்டும் என்பது ஒன்று, அது நம் பெயரில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வரும் சேமநிதி, ஒருமுறை செலவானால் மறுபடி சேராத பணம் ஆதலின், இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

முடா சமவெளி விவசாயிகளின் அனுபவத்தை இங்கே நோக்குவோம். முடா நீர்ப்பாசனத் திட்டத்தின் பயனாக 1970ஆம் ஆண்டு தொடங்கி அங்கு ஆண்டுக்கு இரு போகம் நெல் பயிராகத் தலைப்பட்டது. ஒரு போகத்திற்கு எருமை போதுமாயிருந்தது. இரு போகம் என்றதும் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையிலுள்ள நாள்கள் சுருங்கின. எருமையின் நடைக்கு அக்கால அளவு போதவில்லை. டிராக்டர் வயலில் இறங்கிற்று. ஆயினும் அங்குள்ள சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் டிராக்டர் வாங்கவில்லை. டிராக்டர் வைத்திருப்பவரை அழைத்து, ரெலோங் கணக்கில் கூலி பேசி உழச் செய்தனர். ஒரு ரெலோங் என்பது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான கெடா மாநிலத்து நில அளவு. மூன்று நான்கு ரெலோங் மட்டுமே உடையவர் ஒரு டிராக்டருக்கு ஆண்டில் எத்தனை மணி நேரம் வேலை கொடுக்க இயலும்? அந்தக் கணக்கை அவர்கள் தாளில் போட்டார்களோ, மனத்தில் போட்டார்களோ, விடை ஒன்றாகவே வந்தது.

அதே கணக்கை நாமும் நம் நிலத்திற்குப் போட்டுப் பார்ப்போம். காரின் வயதை மைலில் கணக்கிடுகிறோம்; டிராக்டரின் வயது ஓடிய மணி நேரத்தில் கணக்கிடப்படுகிறது. ஓட்டுநரின் முன்னேயுள்ள மணிக்காட்டி இதற்காகவே பொருத்தப்பட்டுள்ளது. எண்ணெய் மாற்றுவதும், வடிகட்டி மாற்றுவதும், விலை மதிப்பதும் எல்லாம் அந்த மணிக்கணக்கின்படியே. எனவே வாங்குவதற்கு முன்னும் மணிக்கணக்கே நமக்கு வழிகாட்டி.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அன்பர்கள் தத்தம் பகுதி விலையை இட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு டிராக்டர், ஒரு புல்வெட்டி, ஒரு டிரெய்லர் ஆகிய மூன்றும் சேர்ந்து 50,000 வெள்ளி என்போம். பத்தாண்டுகள் கழித்து 10,000 வெள்ளிக்கு விற்கலாம். ஆக, விலை தேய்வது ஆண்டுக்கு 4,000 வெள்ளி. கடன் வட்டி, காப்புறுதி, நிறுத்தும் கொட்டகை ஆகியவற்றிற்கு ஆண்டுக்கு 2,000 வெள்ளி. இந்த 6,000 வெள்ளியும் டிராக்டர் ஓடினாலும் நின்றாலும் போகிற பணம். ஓடும்போது டீசல், எண்ணெய், டயர், பழுது, ஓட்டுநர் கூலி எல்லாம் சேர்ந்து மணிக்கு 35 வெள்ளி ஆகின்றது என வைப்போம். ஆண்டுக்கு 100 மணி நேரம் ஓடினால் ஒரு மணி நேரத்திற்கு நிலைச்செலவு 60, ஓட்டச்செலவு 35, ஆக 95 வெள்ளி அடக்கம். ஆண்டுக்கு 300 மணி ஓடினால் 55 வெள்ளி. 600 மணி ஓடினால் 45 வெள்ளி. அதே டிராக்டரை மணிக்கு 80 வெள்ளி வாடகைக்கு எடுக்கலாம் என்றால், நிலைச்செலவான 6,000 வெள்ளியை, 80க்கும் 35க்கும் உள்ள வேறுபாடான 45ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 133. அதாவது ஆண்டுக்கு 133 மணி நேரத்திற்கு மேல் வேலை இருந்தால் சொந்த டிராக்டர் இலாபம். அதற்குக் கீழே வாடகை டிராக்டரே இலாபம்.

ஐந்து ஏக்கர் பால்மரத் தோட்டத்திற்கு எத்தனை மணி வேலை இருக்கும்? ஐந்து அடி அகலப் புல்வெட்டி மெதுவாகச் சென்றால் மணிக்கு ஓர் ஏக்கர் அளவில் வெட்டும். ஆண்டுக்கு நான்கு முறை வெட்டினால் 20 மணி. உரம், கட்டிப்பால், கன்றுகள் ஏற்றி இறக்க இன்னும் 20 மணி என்று தாராளமாகவே வைப்போம். மொத்தம் 40. நமக்குத் தேவை 133. பக்கத்து நிலங்களுக்குக் கூலிக்கு ஓட்டி மீதி மணியை நிரப்பலாம் என்பர் சிலர். நிரப்பலாம்தான், ஆனால் அப்போது அவர் தோட்டக்காரர் என்பதோடு கூலி வண்டிக்காரரும் ஆகிறார். வாடிக்கையாளரைத் தேட வேண்டும், பாக்கியை வசூலிக்க வேண்டும், பழுதுபட்ட நாளில் ஏச்சும் கேட்க வேண்டும். அதற்கு மனமும் உடல்நலமும் உள்ளவர்களுக்கே அது ஏற்றது. பழைய லயங்களின் பக்கம் போகும்போது, டயரில் காற்றிறங்கி, இருக்கையில் கோழிகள் அமர்ந்திருக்க, மரத்தடியில் நிற்கும் டிராக்டரைக் கண்டால், இந்த 40க்கும் 133க்கும் இடையிலுள்ள தூரமே நம் நினைவிற்கு வருகின்றது.

கடனில் வாங்குவோர் மற்றொன்றையும் எண்ண வேண்டும். வடபகுதியில் ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களில் பால்மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், வெட்டு நிறுத்தப்படுவதும் உண்டு. ஆண்டிறுதி மழையில் வெட்டு நாள்கள் கெடும். மாதத் தவணைக்கோ இலையுதிர் காலமும் இல்லை, மழைக்காலமும் இல்லை. ஆதலால் விளைச்சல் மிகுந்த மாதத்து வருமானத்தைக் கொண்டு தவணையை முடிவு செய்யாமல், விளைச்சல் குன்றிய மாதத்து வருமானத்தைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். கடன் பெறக் கருதுவோர் அக்ரோபேங்க் கிளையில் விசாரிக்கலாம். 1969ஆம் ஆண்டு வேளாண்மைக் கடனுக்கெனவே நிறுவப்பட்ட மலேசிய வேளாண்மை வங்கிதான் 2008இல் இப்பெயர் பெற்றது. ரப்பர் மறுநடவு செய்வோர் ரிஸ்டா அலுவலகத்தாரையும் கண்டு, தங்களுக்கு என்னென்ன உதவி உண்டு என்று கேட்டறிந்த பின்னரே கையிலுள்ள பணத்தைத் தொட வேண்டும்.

நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் கணக்கு மாறிவிடுகின்றது. நான்கு நாற்பது 160. 133ஐத் தாண்டிவிட்டோம். கூட்டுச் சேர்ந்து வாங்குவது நம் மக்களுக்குப் புதியதன்று. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்குதாரர்கள் ஆயினர். அச்சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் நம் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டமே. தோட்டத்தையே கூட்டாக வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு டிராக்டரைக் கூட்டாக வாங்குவது அரிய செயலாகாது.

எனினும் கூட்டு உடைமை சண்டையில் முடிவதும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சண்டை பெரும்பாலும் பணத்தால் வருவதன்று, முறையால் வருவது. மழை விட்ட மறுநாள் எல்லாருக்கும் டிராக்டர் வேண்டும். யாருக்கு முதல் நாள்? ஒருவர் ஓட்டும்போது உடைந்த கத்திக்கு யார் பொறுப்பு? இவற்றை வாங்குமுன் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஓட்டுநர் ஒருவராகவே இருப்பது நல்லது. நான்கு கைகள் மாறும் கிளட்ச் நெடுநாள் தாங்காது. ஒவ்வொரு முறையும் மணிக்காட்டியின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து, மணிக்கு இவ்வளவு என்று பங்காளிகளே டிராக்டர் கணக்கில் செலுத்திவிட்டால், பழுதுபார்க்கும் பணம் தனியே சேர்ந்துகொண்டிருக்கும்.

இனி எத்தகைய டிராக்டரை வாங்குவது என்பதைப் பார்ப்போம். கடைக்காரர் முதலில் கூறுவது குதிரைச் சக்தி. 550 இராத்தல் எடையை ஒரு வினாடியில் ஓர் அடி உயரம் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைச் சக்தி. ஆனால் இயந்திரத்தின் குதிரைச் சக்தி முழுவதும் புல்வெட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. பின்புறம் சுழன்றுகொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் ஆற்றல் அதைவிடக் குறைவு. கேட்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணையே. புல்வெட்டிக்கு ஓர் அடி அகலத்திற்கு ஏறத்தாழ 5 குதிரைச் சக்தி என்பது பொதுவான அளவு. ஐந்தடிப் புல்வெட்டிக்குத் தண்டில் 25 வேண்டும். எனவே சிறு தோட்டத்திற்கு 30 முதல் 40 குதிரைச் சக்தியுள்ள டிராக்டர் போதுமானது. அதற்கு மேற்பட்டது டீசலையும் பணத்தையும் வீணாக்கும்.

பெரியதே சிறந்தது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. இதனை மாற்றியவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் என்பவர். அவருக்கு முன்னிருந்த டிராக்டர்கள், தம் எடையால் மண்ணைப் பிடித்துக்கொண்டு கலப்பையைப் பின்னால் இழுத்துச் சென்றன. பெர்குசன் கலப்பையை மூன்று முனைகளில் டிராக்டருடன் இணைத்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கவும் தாழ்த்தவும் செய்தார். இதனால் கலப்பையின் இழுப்பே பின்சக்கரங்களை மண்ணில் அழுத்தியது. இலேசான டிராக்டர் கனமான வேலையைச் செய்தது. ஒரு டன்னை ஒட்டிய எடையே உடைய அவரது சாம்பல் நிறச் சிறு டிராக்டர், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் ஐந்து இலட்சத்திற்கும் மேலாக உற்பத்தியானது. பின்னாளில் அந்நிறுவனமே மாசி பெர்குசன் ஆயிற்று. 1960இல் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே நிறுவனம் மாசி பெர்குசனின் துணையோடு தமிழ்நாட்டில் டிராக்டர் செய்யத் தொடங்கியது. இன்று விற்பனையாகும் டிராக்டர் எந்தப் பெயருடையதாயினும் அதன் பின்புறத்தில் அந்த மும்முனை இணைப்பு இருக்கும். முடா சமவெளியிலும் கனத்தின் தீமை தெரிந்தது. இரு போகத்தால் வயல் காயாமல், மண் இளகி, கனமான இயந்திரங்கள் புதையலாயின.

நமது பகுதியின் களிமண் பாங்கான பள்ளங்களில் நான்கு சக்கர விசையுள்ள டிராக்டர் கைகொடுக்கும். விலை கூடுதல், முன் அச்சிலும் பராமரிப்பு உண்டு. நிலம் சமமாகவும் வடிகால் நன்றாகவும் இருந்தால் இரு சக்கர விசையே போதும். பால்மர வரிசைகளுக்கு இடையே 20 அடி அளவில் இடைவெளி இருக்குமாதலால் சிறிய டிராக்டர் தாராளமாகச் செல்லும். படிக்கட்டுப் போல வெட்டிய மேட்டு நிலத்தில் எந்த டிராக்டருக்கும் வேலை இல்லை. அங்கே தோளில் மாட்டும் புல்வெட்டியே பொருத்தம். சுழல்கலப்பை வாங்கிப் பால்மர வரிசைகளுக்கிடையே ஆழ உழுவாரும் உளர். பால்மரத்தின் உணவு தேடும் வேர்கள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே படர்கின்றன. அவற்றை அறுப்பது மரத்தின் வாய்க்குப் போகும் உணவைத் தட்டிவிடுவதாகும். உழுவதெல்லாம் கன்று நடுவதற்கு முன்போடு நிற்கட்டும்.

எந்தப் பெயரை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நாம் கூறுவது: கடைக்குப் போகுமுன் பட்டறைக்குப் போங்கள். சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ டிராக்டர் பழுதுபார்ப்பவரிடம் சென்று, எதற்கு உதிரிப்பாகம் அன்றே கிடைக்கும், எதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஜப்பானில் உள்நாட்டுப் பயனுக்கெனச் செய்யப்பட்ட பழைய டிராக்டர்கள் மலிவாகக் கிடைக்கும்போது இக்கேள்வி மிகமிக முக்கியம். அவற்றின் எழுத்துகளும் கையேடும் ஜப்பானிய மொழியில் இருக்கும். பாகங்கள் ஏற்றுமதி வகையோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம்.

பழைய டிராக்டரைப் பார்க்கச் செல்வோர், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது செல்ல வேண்டும். முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் வருகிறோம் என்று கூறித் திரும்பிவிடுவதே அறிவுடைமை. குளிர்ந்த நிலையில் இலகுவாகக் கிளம்புகின்றதா? கிளம்பிச் சூடேறிய பின்பும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகின்றது. பாரமின்றியே கறுப்புப் புகை கக்கினால் காற்று வடிகட்டியோ எரிபொருள் ஊசியோ கெட்டுள்ளது. எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்க்கையில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். அதனை வாங்க வேண்டாம். பின்புறத்தில் பாரமான கருவியை மாட்டித் தூக்கி நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு ஒரு தேநீர் அருந்தும் நேரம் காத்திருங்கள். கருவி விரைந்து இறங்கிவிட்டால் ஹைட்ராலிக் கசிகின்றது. மணிக்காட்டியில் 800 மணி என்றிருக்க, கால்மிதிகள் தேய்ந்து பளபளத்தால், மணிக்காட்டியை நம்பாமல் கால்மிதியை நம்புங்கள்.

பணத்தை இழந்தவர் மீண்டும் ஈட்டலாம். உயிரைப் பற்றிய பகுதிக்கு இப்போது வருகிறோம். டிராக்டரால் நேரும் சாவுகளில் முதலிடம் பெறுவது கவிழ்தல். பின்சக்கரம் சேற்றில் அகப்பட்டுச் சுழல முடியாதபோது ஓட்டுநர் விசையைக் கூட்டினால், சக்கரம் சுழல்வதற்குப் பதிலாக வண்டியின் முன்பாகம் மேலெழுந்து பின்னோக்கிக் கவிழும். இதற்கு ஒன்றரை வினாடி போதும். குதித்துத் தப்பலாம் என்பார்க்கு அந்நேரம் போதாது. விழுந்த மரத்தை இழுக்கும்போது சங்கிலியை இருக்கையின் அடியிலோ மும்முனை இணைப்பின் மேல்முனையிலோ கட்டினாலும் இதே விபத்து நேரும். சங்கிலி தாழ்வாக உள்ள இழுகம்பியில்தான் கட்டப்பட வேண்டும். சேற்றில் அகப்பட்டால் பின்னோக்கி ஓட்டி வெளிவர முயல வேண்டும். இயலாவிட்டால் மற்றொரு வண்டியை அழைக்க வேண்டும்.

ஓட்டுநரின் தலைக்குப் பின்னே வளைவாக நிற்கும் இரும்புச் சட்டகம் அழகுக்காக வைத்ததன்று. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காதிருக்க வைத்தது. சுவீடன் நாடு 1959ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்கு இதனைக் கட்டாயமாக்கிற்று. அதன் பின்னர் அந்நாட்டில் கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. தாழ்ந்த கிளைகளில் இடிக்கின்றதென்று இதனைக் கழற்றி வைப்போர் உண்டு. கிளையை வெட்டலாம்; சட்டகத்தைக் கழற்றலாகாது. சட்டகம் உள்ள டிராக்டரில் இருக்கைப் பட்டியைக் கட்டாயம் அணிய வேண்டும். இல்லையேல் கவிழும்போது ஓட்டுநர் வெளியே எறியப்பட்டு அச்சட்டகத்தின் கீழேயே சிக்குவார்.

பி.டி.ஓ. தண்டு பொதுவாக நிமிடத்திற்கு 540 முறை சுழல்வது. அறுபதால் வகுத்துப் பாருங்கள். ஒரு வினாடிக்கு 9 சுற்று. கைலியின் ஓரமோ, தோள் துண்டோ, முந்தானையோ அதில் பட்டால் ‘ஐயோ’ என்று சொல்லி முடிப்பதற்குள் பல சுற்றுகள் சுற்றிக்கொள்ளும். தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்று வேலையை நிறுத்திப் புதிய உறை வாங்குங்கள். ஓடும் தண்டைத் தாண்டிக் கால் வைக்கும் பழக்கம் சிறுவர்களிடமும் உண்டு, பெரியவர்களிடமும் உண்டு. சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டில் பேரப்பிள்ளையை அமர்த்திச் சவாரி விடும் பழக்கத்தையும் தோட்டப்புறங்களில் நாம் காண்கிறோம். டிராக்டரில் இருக்கை ஒன்றே; ஆளும் ஒருவரே.

பொதுச் சாலையில் ஓட்டுவதற்குச் சாதாரணக் கார் உரிமம் செல்லாது. எடை 5,000 கிலோகிராமுக்கு மேற்படாத சக்கர டிராக்டருக்கு எஃப் வகுப்பு உரிமம் தேவை. தோட்டத்திற்கும் வீட்டிற்கும் நடுவே சாலையை ஒரு முறை கடப்பதாயினும் இவ்விதியே பொருந்தும். வண்டிப் பதிவையும் காப்புறுதியையும் பற்றிச் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து, பழைய டிராக்டராயின் விற்பவரின் பெயரிலேயே பதிவு உள்ளதா என்று பார்த்த பின்னர் முன்பணம் கொடுங்கள்.